பிள்ளையாரை உருட்டக் கூடாது

போன வருடத்துக்கு முந்தின வருடம், அரியலூரில் நடந்தது இது. கணவருக்கு ஒரு சிமென்ட் ஆலையில் வேலை கிடைத்து, விக்கிரமங்கலத்திலிருந்து ஆனி மாதம் மூட்டை முடிச்சுகளோடு டவுனுக்குக் குடிவந்திருந்தோம். எதிரும் புதிருமாக நான்கு வீடுகள் உள்ள காம்பவுண்டு. நடுவில் சிமென்ட் போட்ட முற்றம், அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைப்பு. வெளியே மெயின் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம்.

எங்கள் ஒரே மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். கணவருக்கு ஷிப்ட் வேலை. பகல் முழுக்க நான் தனி. நான் வாயாடி என்று பிறந்த வீட்டிலும் பெயர், புகுந்த வீட்டிலும் பெயர். அப்படிப்பட்டவள் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? போனைப் பிடித்துக்கொண்டேன். ‘வீட்டில் கிடக்கும் பொருளை வைத்தே அழகிய கைவினைப் பொருட்கள்’ என்று ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்தேன். அது முடிவதற்குள் அடுத்தது வந்தது. நம்மால் முடியாதா என்ன என்று ஒரு வேகம் வந்துவிட்டது.

முதலில் பழைய நியூஸ் பேப்பரைச் சுருட்டி ஒரு கூடை பின்னினேன். வேலை முடிந்து வந்த கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது கோழி கவுக்கறதுக்கா?” என்றார். அடுத்து கேட்டுக்கு அடித்து மீந்துபோன பெயின்ட்டை எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் மயில் வரைந்தேன். அது காயவே இல்லை. மயில் மெதுவாக இறங்கி இறங்கி பாட்டிலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. முட்டை அட்டையில் ரோஜா செய்தேன். மைதாப் பசைக்கு எறும்பு வந்து ரோஜாவை இதழ் இதழாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனது. அந்த எறும்புகளாவது என் கைவேலையை மதித்தனவே என்று கணவரிடம் சொன்னேன்.

கடைசியில் எனக்குக் கைகூடியது காகித மணி. காகிதத்தை நீளமான முக்கோணமாக வெட்டிக்கொள்ள வேண்டும். அகலமான முனையை ஒரு விளக்குமாற்று ஈர்க்கில் வைத்து இறுக்கமாக உருட்டிக்கொண்டே வந்து, கூர்முனை வந்ததும் ஒரு சொட்டு வெள்ளைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். ஈர்க்கை உருவினால், நடுவில் புடைத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய அழகான மணி கிடைக்கும். அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. அவ்வளவுதான், செலவே இல்லை. நியூஸ் பேப்பரில் செய்தால் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் உள்தாளில் செய்து பார்த்தேன். அடேயப்பா! தங்க நிற ஓரம் மணியின் மேல் வரி வரியாக ஓடி, கடையில் வாங்கியது போல மின்னியது. இதையே நிறையச் செய்து கோத்து வாசலுக்குத் தொங்கல் போட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

பத்திரிகைக்கா பஞ்சம்? எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடமாட்டார்கள். மேலே பிள்ளையார் இருப்பார், நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கும். குப்பையில் போட மனசு வராது, அடுப்பில் வைக்கக் கை வராது. கல்யாணம் முடிந்து, அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்திருக்கும். பத்திரிகை மட்டும் காலண்டர் ஆணியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும், காம்பவுண்டில் வீடு வீடாகப் போய், “பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தா குடுங்களேன்” என்று கேட்டேன். அதைச் சாக்கிட்டு நாலு வார்த்தை பேசலாம் என்பதும் ஒரு ஆசை.

எதிர்வீட்டில் ஒரு அம்மாவும் பெண்ணும் இருந்தார்கள். அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது, உடையார்பாளையம் பக்கத்துக்காரர். பெண் கல்லூரியில் படிக்கும்போதே அந்த அம்மாவின் கணவர் தவறிவிட்டாராம். பெண் தினமும் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போய், ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்துவிட்டு வருவாள். நான் அந்த அம்மாவிடம் போய் இதே கேள்வியைக் கேட்டதும், சிரித்துக்கொண்டு வந்த முகம் அப்படியே வாடிப்போனது. “இல்லம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரம்மாதான் என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம். பத்திரிகை கொடுத்து முடித்து, பந்தக்கால் நடப்போகிற நேரத்தில், பெண் திடீரென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மகளிடம் பேச்சை நிறுத்திய அம்மா, மாதக்கணக்காக இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கல்யாணம் நின்றுபோன வீட்டில் போய்க் கல்யாணப் பத்திரிகை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு போய், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். “உனக்கு எப்படிம்மா தெரியும், விடு” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டை நான் கவனிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே டிவி. அந்த அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு, டிவியைப் பார்த்து, “ஆறிப்போவுது” என்பார். மகள் வந்து சாப்பிடுவாள். காலையில் மகள் கிளம்பும்போது கேட்டைப் பார்த்து, “வானம் இருட்டிக்கிட்டு இருக்கு, குடையில்லாம போனா நனையத்தான் செய்யும்” என்பார். மகள் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போவாள். ஜாடை பேசுவது என்று சொல்வோமே, அதேதான். எங்கள் ஊரில் அதைச் சண்டைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். இவர் அன்பையும் அதிலேயே நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் வாசற்படியில் உட்கார்ந்து மணி உருட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கையில் நைலான் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு. பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள் போல, தலைமுடியெல்லாம் ஒட்டடை.

“அக்கா, இதுல மணி பண்ணலாமா?”

பார்த்தால் அவளுடைய கல்யாணப் பத்திரிகைகள். கொடுத்ததுபோக மீந்தவை. ஆரஞ்சும் தங்கமுமாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. கையிலிருந்த ஈர்க்கைக் கீழே வைத்தேன். “அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அவங்கதான் என்கிட்ட பேசறதில்லையேக்கா. அப்புறம் வேணாம்னு மட்டும் எப்படிச் சொல்லுவாங்க?” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள்.

நான் ஒரு பத்திரிகையைப் பிரித்து, கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு சத்தம்.

“ஏம்மா! அந்தப் புள்ளகிட்ட சொல்லு, புள்ளையாரை உருட்டக் கூடாது!”

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். சொன்னதோடு நிற்காமல் அந்த அம்மாவே இறங்கி வந்துவிட்டார். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, இன்னொரு கையில் அவர் வீட்டுக் கத்தரிக்கோல். “குடுக்கச் சொல்லும்மா. புள்ளையாரையும் மஞ்சளையும் நான் வெட்டி எடுத்துடறேன். மிச்சத்தை என்ன வேணா பண்ணிக்கட்டும்” என்று எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பத்திரிகையைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு மகளுக்கும் ஆச்சரியம்தான். பாதிக் கட்டை என் மடியில் வைத்தாள். நான் அதை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள், நடுவில் நான். அம்மா பிள்ளையாரை வளைத்து வளைத்து, துதிக்கை நுனிகூடச் சிதையாமல் வெட்டித் தட்டில் அடுக்குவார். மஞ்சள் பட்ட மூலைகளைத் தனியாகப் போடுவார். மீதி என்னிடம் வரும். கெட்டியான மேலட்டை உருட்டினால் வெடித்துவிடும். அதை ஒதுக்கிவிட்டு மெல்லிய உள்தாளை முக்கோணமாக வெட்டுவேன். மகள் உருட்டுவாள். முதல் வாரம் அவள் உருட்டியதெல்லாம் தொளதொளவென்று, ஈர்க்கை உருவியதும் சுருள் பிரிந்து எழுந்து நின்றது. ரத்தம் எடுக்கிற கை இல்லையா, இரண்டாவது வாரத்திலேயே என்னுடையதைவிட நன்றாக வந்தது.

உள்தாளில்தான் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று சொந்தக்காரர்கள் பட்டியல் இருக்கும். எங்கள் பக்கத்துப் பத்திரிகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தாய்மாமனிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் வரைக்கும் இருப்பார்கள். பெயர் இருக்கிற பக்கம் அகலமான முனையில் வருவதால் முதல் சுற்றிலேயே உள்ளே போய்விடும். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“அக்கா, பெரிய மாமா உள்ள போறாரு... போயிட்டாரு. இப்ப செயங்கொண்டத்து சித்தப்பா.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் அம்மாவின் உதடும் துடித்தது. உடனே அதை இறுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அந்தச் சித்தப்பா இருக்காரே, அவரு பேரை மூணாவதா போட்டுட்டோம்னு பத்திரிகையையே தொடாம, அங்க வைங்கன்னு கையைக் காட்டுனவரும்மா.”

“அப்ப அவரை இன்னும் இறுக்கமா உருட்டணும்க்கா” என்றாள் மகள், என்னிடம்தான்.

நான் ஒரு தபால்பெட்டி ஆகிவிட்டேன். “பசையை அள்ளி அள்ளி வைக்க வேணாம்னு சொல்லும்மா” என்பார் அம்மா. நான் திரும்பி, “பசையைக் குறைச்சு வைக்கணுமாம்” என்பேன். “காதுல விழுந்துச்சுக்கா” என்பாள் அவள். “ஈர்க்கு குத்திடப் போவுது.” “ஈர்க்கு குத்திடுமாம்.” “சரிக்கா.” மூன்று பேரும் ஒரு முழ தூரத்துக்குள்தான் உட்கார்ந்திருப்போம். ஆனாலும் எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, “ஏம்மா, பெத்த பொண்ணுகிட்ட இப்படியா இருப்பாங்க? நடந்தது நடந்துபோச்சு, பேசிடுங்களேன்” என்று ஆரம்பித்து, தாய்ப்பாசம், ஆயுசு, அப்புறம் வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம் என்று ஒரு பிரசங்கமே நடத்திவிட்டேன். அந்த அம்மா தட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மகளும் கொஞ்ச நேரத்தில், “நாளைக்குக் காலையில சீக்கிரம் போவணும்க்கா” என்று போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமே வரவில்லை. அவர்கள் வீட்டில் டிவியைப் பார்த்து ‘ஆறிப்போவுது’ என்று சொல்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

கணவரிடம் புலம்பினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, “மணிக்கு வைக்கிற பசையில ஒரு சொட்டு எடுத்து உன் வாயில தடவிக்க” என்றார். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன், இனி அந்தப் பக்கம் போனால் கை மட்டும்தான் வேலை செய்ய வேண்டும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் எதிர்வீட்டுக் கதவைத் திறந்து அந்த அம்மாவே கூப்பிட்டார். “ஏம்மா, கட்டுல இன்னும் புள்ளையாரு மிச்சம் இருக்காரே. பாதியில வுட்டா நல்லதில்ல. வாசல்ல தண்ணி அடிக்குது, நம்ம வூட்டுக்கு வா.” மனிதர்கள் மேல் இருந்த வருத்தத்தைப் பிள்ளையார் மேல் காட்ட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. ஈர்க்கு, பசை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஹாலில் மகள் ஏற்கெனவே பாயை விரித்திருந்தாள். நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று. ஓட்டில் மழை விழுகிற சத்தமும் இரண்டு கத்தரிக்கோல் சத்தமும்தான். நான் பேசுவேன் பேசுவேன் என்று பார்த்துவிட்டோ என்னவோ, அந்த அம்மா தானாகவே ஆரம்பித்தார். கண் தட்டிலேயே இருந்தது.

“பத்திரிகை வைக்கப் போறப்ப தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பூவு, குங்குமம் எல்லாம் வச்சு எடுத்துக்கிட்டுப் போனேம்மா. நின்னுபோச்சுன்னு சொல்லப் போறப்ப கையில என்னத்த எடுத்துக்கிட்டுப் போறது? வெறுங்கையோட போனேன்.”

நான் முக்கோணம் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

“போன்ல சொல்லிடுங்கன்னாங்க. நேர்ல போயி அழைச்சதை நேர்ல போயித்தானே சொல்லணும்? அவரு இருந்தா அவரு போயிருப்பாரு. நான் ஒருத்தியா உடையார்பாளையம், செயங்கொண்டம், மீன்சுருட்டின்னு பஸ்ஸு மாறி மாறி வாசல் வாசலா போயி நின்னேன். சில வூட்ல உள்ளகூடக் கூப்பிடல. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், ஏன் நின்னுச்சு? ஏன்னு எனக்கே தெரியாது. பெத்தவளுக்கே தெரியாதுன்னு வாயைத் தொறந்து சொல்ல முடியுமா? சாதகம் சரியில்லன்னு பொய் சொன்னேன். ஒவ்வொரு வாசல்லயும் அதே பொய்யி.”

எனக்கு இந்தப் பக்கம் ஈர்க்கு உருள்வது நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. அம்மா போனில்தான் சொல்லி முடித்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். காலையில் அவள் வேலைக்குப் போனபின் கிளம்பி, சாயங்காலம் அவள் வருவதற்குள் அம்மா திரும்பியிருக்கிறார்.

கையிலிருந்த ஈர்க்கைப் பாயில் வைத்துவிட்டு அவள் பேசினாள். அவளும் என்னைப் பார்த்துத்தான்.

“அக்கா, நான் ஏன் வேணாம்னேன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல. நானே சொல்றேன். அவரு கெட்டவரு இல்லக்கா. குடி கிடையாது, தப்பா ஒரு பேச்சு கிடையாது. அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல. சொன்னா, இதெல்லாம் ஒரு காரணமான்னுதான் கேப்பாங்க. தினம் போன் பண்ணுவாரு. அவரு ஆபீஸு, அவரு பைக்கு, அவரு பிரெண்டு கல்யாணம்... நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லக்கா. சாப்டியா, பஸ்ஸு கெடைச்சுச்சா, வேலை எப்படி... எதுவும் இல்ல. சித்திரையில எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிப்போச்சு. பேச்சே வரல. அன்னிக்கும் அவரு பாட்டுக்குப் பேசிட்டு வச்சிட்டாரு. நான் பேசலங்கறதே அவருக்குத் தெரியல. பந்தக்கால் நடப்போறாங்கன்னதும் பயம் வந்துடுச்சு. ஆயுசு முழுக்க நான் கேட்டுக்கிட்டே இருக்கணும், என்னை யாரும் கேக்க மாட்டாங்க.”

என் நாக்கு நுனியில், ‘இதை உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே’ என்ற வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த மணியைத் திரும்பத் திரும்ப உருட்டினேன். நான் கேட்காததற்கும் அவளே பதில் சொன்னாள்.

“அம்மாகிட்ட சொல்லத்தான் போனேன். ஒண்ணும் சொல்லாதேன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களும் கேக்கல.”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் நின்றது. பாதி வெட்டிய பிள்ளையார் அந்த அம்மாவின் விரல்களுக்கு நடுவே அப்படியே இருந்தார். நான் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் இரண்டு பேரில் ஒருவரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்த்தாலும் அது தப்பாகிவிடும் என்று தோன்றியது. மழை வலுத்து, எங்கோ தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“உங்கப்பா மட்டும் கேட்டாராடி?”

வழக்கம்போல நான் அதை வாங்கிக் கொடுப்பதற்காகத் திரும்பப் போனேன். பிறகுதான் உறைத்தது. அதில் ‘சொல்லும்மா’ இல்லை. ‘அந்தப் புள்ளகிட்ட’ இல்லை. அந்த ‘டி’ எனக்கானது இல்லை.

மகள் மெல்ல நிமிர்ந்தாள். அந்த அம்மா இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கல. ஒரு நாளும் கேக்கல. நல்ல மனுசன்தான். எல்லா வூட்லயும் இப்படித்தான்னு நானும் இருந்துட்டேன். அது ஒரு கொறைன்னு எனக்குத் தெரியலடி.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று ஏதோ நினைவு வந்தவர்போல, குரலே மாறி, “ஆமா, உனக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு? பேச்சு வராத அளவுக்கு? என்கிட்ட ஏன்டி சொல்லல?” என்றார்.

“நீ பத்திரிகை வைக்கப் போயிருந்தம்மா. வர்றப்பவே களைச்சுப்போயி வருவே. மாத்திரை போட்டுக்கிட்டேன்...” என்று சொல்லிக்கொண்டே வந்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அதுவரை நான் அவள் அழுது பார்த்ததே இல்லை.

நான் எழுந்தேன். “கொடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்” என்றேன். வெளியே மழை கொட்டுகிறது, துணி காய்கிறதாம்! அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. நான் வாசலைத் தாண்டும்போது, என் இடம் காலியான பாயில் அந்த அம்மா நகர்ந்து வந்து, மகளின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையில் வந்த காய்ச்சலுக்கு ஐப்பசியில் கை வைத்துப் பார்க்கிற தாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வீட்டுக்குள் போய், ஏன் என்று தெரியாமல் நானும் ஒரு பாட்டம் அழுதேன்.

அதற்குப் பிறகு பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதே பஸ்ஸில் பெரம்பலூர் போய்வருகிறாள். வெட்டியெடுத்த பிள்ளையார்களையும் மஞ்சள் மூலைகளையும் அம்மாவும் மகளுமாகக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். மணிகளை மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் கோத்து, அவர்கள் வீட்டுச் சமையலறை வாசலுக்கு ஒரு தொங்கல் போட்டோம். அதைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம், “மாமா, கொஞ்சம் வழி வுடுங்க” என்பாள் அந்தப் பெண். சொந்தக்காரர் யாராவது வந்து, கல்யாணம் ஏன் நின்றது என்று இழுத்தால், அந்த அம்மா இப்போது சாதகத்தைச் சொல்வதில்லை. “எம்பொண்ணுக்குப் புடிக்கல. ஏன்னு என்கிட்ட சொல்லிட்டா” என்று முடித்துவிடுகிறார்.

என்னால் நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் பேசினபோது கெட்டுப்போனது. வாயை மூடிக்கொண்டு காகிதம் வெட்டினபோது, அவர்களே பேசிக்கொண்டார்கள். கைக்கு ஒரு வேலை இருந்ததால், கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்ற சங்கடம் இல்லாமல், மனசில் கிடந்ததைச் சொல்ல முடிந்தது. அந்த வீடியோக்களில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மாவும் மகளும் பேசிக்கொண்ட அந்த மழை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல மகனுக்குப் போன் போட்டேன். தினமும் என்ன செய்வேன் தெரியுமா? சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவன் ‘ம்’ என்பதற்குள், இங்கே மழை, அப்பாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, பால் விலை, பக்கத்து வீடு என்று ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு, “சாப்டியாடா?” என்று கேட்டேன். “ம்” என்றான். “நல்லா இருக்கியா?” என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

“அம்மா? லைன்ல இருக்கியா?” என்றான்.

“இருக்கேன்டா. சொல்லு.”

“இந்த ஹாஸ்டல் எனக்குப் புடிக்கலம்மா” என்று அவன் பேச ஆரம்பித்தான். எத்தனையோ மாதமாகத் தினமும் அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் அவனைக் கேட்ட முதல் நாள் அதுதான்.